பாடங்களை இணைத்துக் கற்பித்தல்: பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பாடங்களை இணைப்பது என்றால் எல்லாப் பாடத்திலும் ஒரே தலைப்பை வைப்பதா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் திசைமாறுகின்றன. ‘தண்ணீர்’ என்று ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு, தமிழில் தண்ணீரைப் பற்றிக் கட்டுரை, கணிதத்தில் தண்ணீர்ப் படம் போட்ட பெருக்கல் கணக்கு, கலைக்கல்வியில் தண்ணீர்த்துளி வரைதல் என்று போனால், பாடங்கள் அருகருகே நிற்கின்றனவே தவிர ஒன்றையொன்று தொடுவதில்லை. அந்தப் பெருக்கல் கணக்கில் தண்ணீருக்குப் பதில் மாம்பழத்தைப் போட்டாலும் எதுவும் மாறாது.

இணைப்பு என்பது ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காண ஒன்றுக்கு மேற்பட்ட பாடம் கண்டிப்பாகத் தேவைப்பட வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: திட்டத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்துவிடுங்கள். அப்போதும் மாணவரால் விடை காண முடிந்தால் அந்தப் பாடம் அலங்காரத்துக்கு நிற்கிறது. அதைத் திட்டத்திலிருந்து விடுவித்து, வழக்கம்போல் தனியாகக் கற்பியுங்கள்.

இது நமக்குப் புதிதா?

புதிதல்ல. 1980களில் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் ‘ஆலாம் டான் மனுசியா’ (இயற்கையும் மனிதனும்) என்ற பாடம் அறிவியலையும் சமூகப் பாடங்களையும் ஒன்றாகவே வைத்திருந்தது. 2011இல் வந்த கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டமும் முதல் கட்ட ஆண்டுகளில் அறிவியலைத் தொழில்நுட்பத்தோடு சேர்த்தே தொடங்கியது. 2017 மறுசீரமைப்பில் ஆண்டு 1 முதலே அறிவியல் தனிப்பாடம். இணைப்பதும் பிரிப்பதும் இப்படி மாறி மாறி நடந்திருக்கிறது. 2027இல் தொடங்கும் என அறிவிக்கப்பட்டுள்ள புதிய பள்ளிக் கலைத்திட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் எட்ட வேண்டியதைப் பட்டியலிடும் இப்போதுள்ள தர ஆவணத்துக்குள் இருந்துகொண்டே செய்யலாம்.

பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்களாமே?

எடுக்கவில்லை. 2016இல் நடைமுறைக்கு வந்த அவர்களின் தேசியக் கலைத்திட்டம், ஆண்டுக்குக் குறைந்தது ஒரு பல்பாட இணைப்புத் தொகுதியையாவது ஒவ்வொரு மாணவரும் செய்ய வேண்டும் என்றது. கணிதமும் தாய்மொழியும் மற்றப் பாடங்களும் அங்கே தனித்தனியாகவே தொடர்கின்றன. ஆண்டுக்கு ஒன்று, நன்றாகச் செய்த ஒன்று: நமக்கும் அதுவே சரியான அளவு.

எத்தனைப் பாடங்களைச் சேர்க்கலாம்?

முதல் முறை இரண்டு. பழகிய பின் மூன்று. நான்காவது பாடம் வந்தால் அநேகமாக அது அலங்காரம்.

எங்கிருந்து தொடங்குவது? தலைப்பிலிருந்தா?

தலைப்பைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். டி.எஸ்.கே.பி. என்று நாம் அழைக்கும் தர ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். வரிசை இப்படி:

1. சேர்க்க நினைக்கும் பாடங்களின் ஆண்டுப் பாடத்திட்டங்களை ஒரே மேசையில் விரித்து, அடுத்த பத்து வாரங்களில் வரும் கற்றல் தரங்களை ஒட்டுத்தாள்களில் எழுதுங்கள். ஒரு தாளுக்கு ஒரு தரம். பாடத்துக்கு ஒரு நிறம்.

2. ஒன்றுக்கொன்று உதவும் தாள்களை அருகில் நகர்த்துங்கள். ‘இதைச் செய்ய அது தெரிந்திருக்க வேண்டும்’ என்ற உறவைத் தேடுங்கள். சொல் ஒற்றுமை போதாது. கொள்ளளவை லிட்டரிலிருந்து மில்லிலிட்டருக்கு மாற்றும் கணிதத் தரமும், நீர் ஆவியாவதை அளந்து பதியும் அறிவியல் தரமும் உண்மையிலேயே ஒன்றை ஒன்று நாடுகின்றன.

3. பாடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தரங்கள் மட்டும் எஞ்சட்டும். மொத்தம் ஐந்தைத் தாண்டினால் மதிப்பிட முடியாது.

4. இப்போது கேள்வியை எழுதுங்கள். ஆம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். மாணவர் தாமே அளந்து, கணக்கிட்டு, ஒருவருக்குச் சொல்ல வேண்டிய கேள்வியாக இருக்கட்டும்.

5. தரங்கள் ஒரே வாரங்களில் வராவிட்டால் எந்தப் பாடத்தின் தொகுதியை முன்னோ பின்னோ நகர்த்தலாம் என்று பணித்தியத் (பாட ஆசிரியர் குழுவின்) தலைவரோடும் கலைத்திட்டத் துணைத் தலைமையாசிரியரோடும் பேசுங்கள். அதே ஆண்டுக்குள் நகர்த்துவதுதான் இயல்பு. ஆனால் கணிதத் தொகுதிகளை நகர்த்தும்போது முன்னறிவைப் பாருங்கள். தசமம் கற்காத வகுப்பிடம் 0.75 லிட்டரைக் கொடுத்தால் அந்த வாரம் முழுதும் தசமத்திலேயே கரைந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகக் காட்ட முடியுமா?

ஆண்டு 5க்கு, நான்கு வாரம். பாடங்கள்: கணிதம், அறிவியல், தமிழ்மொழி. ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு 60 நிமிடம் மட்டும். மொத்தம் 12 மணி நேரம். மீதி நேரத்தில் அந்தப் பாடங்கள் வழக்கம்போல் நடக்கும்.

கேள்வி: *நான்கு நாள் குழாயில் தண்ணீர் வராவிட்டால், நம் வீட்டில் எவ்வளவு தண்ணீரை, எப்படிச் சேமித்து வைக்க வேண்டும்?*

பினாங்குப் பிள்ளைகளுக்கு இது கற்பனைக் கேள்வியல்ல. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காக மாநிலத்தின் பல பகுதிகளில் நீர் விநியோகம் தடைபட்டது. வீட்டில் பெரியவர்கள் வாளிகளை நிரப்பியது பலருக்கு நினைவிருக்கும். ‘நம் குழாய்நீர் எங்கிருந்து வருகிறது?’ என்று முதலில் கேளுங்கள். தீவில் இருக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஆயர் ஈத்தாம் அணையைச் சொல்வார்கள். அந்த அணை 1962இல் கட்டி முடிக்கப்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதி நீர் கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்பட்டு, சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது. நிலப்படத்தில் அந்த வழியை விரலால் தொடர்ந்து பார்த்த பிறகு, தடை ஏன் எல்லாரையும் ஒரே நேரத்தில் பாதிக்கிறது என்பது அவர்களுக்கே புரியும்.

*முதல் வாரம், அளத்தல்.* வீட்டில் இரண்டு நாள் நீர்ப் பதிவு. குளியல் நீரை அளக்க 10 லிட்டர் வாளியைத் தெளிப்புக்குழாயின் கீழ் வைத்து நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டும். 75 வினாடி எடுத்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர். கழிப்பறைத் தொட்டியின் அளவு அதிலேயே எழுதியிருக்கும், 6 லிட்டர் என்பது சாதாரணம். வகுப்பில் ஒரு முறை எல்லாரையும் வைத்து அளக்கப் பழக்காமல் வீட்டுக்கு அனுப்பினால், திரும்பி வரும் எண்களில் பாதி ஊகமாக இருக்கும். அளவுக் குடுவையைக் கண்மட்டத்தில் வைத்து நீர்மட்டத்தின் அடிவளைவைப் படிக்க வேண்டும் என்பதையும் இதே வாரத்தில் சொல்லிக்கொடுங்கள். நீர்க் கட்டண ரசீதைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வீடு வசதி ஒப்பிடப்படும். லிட்டர் போதும்.

*இரண்டாம் வாரம், கணக்கு.* ஐந்து பேர் கொண்ட ஒரு வீட்டுக்கான மாதிரி: குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 25, குளிக்க ஆளுக்கு 15 வீதம் 75, கழிப்பறைக்கு ஆளுக்கு மூன்று முறை, 6 லிட்டர் வீதம் 90, பாத்திரம் கழுவ 20. ஒரு நாளைக்கு 210 லிட்டர், நான்கு நாளைக்கு 840. இதை 60 லிட்டர்த் தொட்டிகளில் வைக்க 14 தொட்டி வேண்டும். அடுக்குமாடி வீட்டில் 14 தொட்டிகளை எங்கே வைப்பது?

இந்த இடத்தில் ஆசிரியர் விடை சொல்லிவிடக் கூடாது. யாராவது ஒரு மாணவர் குளித்த நீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம் என்பார். அந்த 75 லிட்டரும் மிச்சமானால் நாளுக்கு 135, நான்கு நாளைக்கு 540, அதாவது 9 தொட்டி. இன்னொருவர் குளித்த நீர் முழுதையும் பிடிக்க முடியுமா என்று கேட்பார். அந்த வாதம்தான் பாடம். உயர்நிலைச் சிந்தனைக்கென்று தனிக் கேள்வித்தாள் இதற்குத் தேவையில்லை. வழக்கமாக வரும் பிழைகள் இரண்டு: ஆளுக்கான அளவை வீட்டுக்கான அளவாக எடுத்துக்கொள்வது, மில்லிலிட்டரையும் லிட்டரையும் ஒரே கூட்டலில் போடுவது.

*மூன்றாம் வாரம், ஆய்வு.* சேமித்த நீர் எந்தப் பாத்திரத்தில் அதிகம் குறைகிறது? அகன்ற தட்டு, குறுகிய குவளை, மூடிய குவளை ஆகிய மூன்றிலும் 200 மில்லிலிட்டர். தற்சார்பு மாறி, அதாவது நாம் மாற்றுவது, பாத்திரத்தின் வாயகலம். சார்பு மாறி, அதாவது நாம் அளப்பது, குறைந்த நீரின் அளவு. மாற்றாமல் வைக்கும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் தொடக்க அளவு, இடம், நேரம். மூடிய குவளை ஒப்பீட்டுக்காக. பினாங்கின் ஈரக்காற்றில் குவளை நீர் ஒரு நாளில் சில மில்லிலிட்டரே குறையும். 100 மில்லிலிட்டர்க் குடுவையால் அதைப் பிடிப்பது கடினம். ஆகவே 48 மணி நேரம் வையுங்கள், சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 1 மில்லிலிட்டர் நீரின் எடை 1 கிராம் என்பதால் மாற்றுவது எளிது. புதன்கிழமை வைத்து வெள்ளிக்கிழமை எடுத்தால் வார இறுதி குறுக்கிடாது. ஒரு பாத்திரம் மட்டும் காற்றாடிக்கு நேரே இருந்தால் ஆய்வு வீண்.

இங்கேயே கொசுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். மூடி வைப்பதற்கு ஆவியாதலைவிட இதுவே பெரிய காரணம்.

*நான்காம் வாரம், சொல்லுதல்.* தங்கள் குடியிருப்புக்கு ஒரு பக்க அறிவிப்பு. எண்கள் இரண்டாம் வாரத்திலிருந்தும், காரணங்கள் மூன்றாம் வாரத்திலிருந்தும் வர வேண்டும். இறுதி 20 நிமிடத்தில் ஒவ்வொரு மாணவரும் தனியாக எழுதும் சிறு பணி: ‘மூவர் உள்ள வீட்டுக்கு, இரண்டு நாளுக்கு’ என்று மாற்றிக் கொடுத்துக் கணக்கையும் ஒரு காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

இதில் தமிழ்மொழி மற்றப் பாடங்களுக்கு வேலைக்காரியாகி விடாதா?

கவனிக்காவிட்டால் ஆகிவிடும். ‘அறிக்கை எழுதுக’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் தமிழ் வெறும் எழுதுகோல்தான். தமிழுக்கென்று சொந்த இலக்கு ஒன்றை வையுங்கள்.

மேலே சொன்ன அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். ‘தண்ணீரைச் சேமியுங்கள்’, ‘தொட்டியைத் திறந்து வைக்காதீர்கள்’, ‘வாளியைக் கழுவுங்கள்’: ஒவ்வொரு வரியிலும் இரண்டாம் வேற்றுமை உருபுக்குப்பின் வலிமிகுதல் வருகிறது. பயிற்றியில் பத்து வாக்கியம் நிரப்புவதைவிட, அண்டை வீட்டார் படிக்கப்போகும் தாளில் ஒற்று விடுபடக் கூடாது என்ற அக்கறை மாணவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். யாருக்கு எழுதுகிறோம் என்பதும் இலக்கணமே. ‘மூடி வை’ என்று தம்பிக்குச் சொல்லலாம். கீழ்மாடித் தாத்தாவுக்கு எழுதும்போது கட்டளை வாக்கியம் வேண்டுகோளாக மாற வேண்டும்.

செய்யுள் மொழியணியைத் திணிக்காதீர்கள். வான்சிறப்பு அதிகாரத்துக் குறள் ஒன்று அந்த ஆண்டின் பட்டியலில் இருந்தால், அல்லது மாணவர் தாமே தேடிக் கொண்டுவந்தால், மகிழ்ச்சியோடு சேருங்கள். தலைப்புக்குப் பொருந்துகிறது என்பதற்காக வேறு ஆண்டுக்குரிய செய்யுளைக் கொண்டுவந்தால் அந்த ஆண்டின் செய்யுள் நேரமின்றி நிற்கும்.

எவற்றை இணைக்கவே கூடாது?

எழுத்துகளை அறிமுகப்படுத்தும் வாசிப்பு, வாய்பாடு, வகுத்தலின் படிமுறை, அடிப்படை இலக்கண விதியின் முதல் அறிமுகம். இவற்றுக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் தனிநேரம் தேவை. இணைப்பில் கற்றதைப் பயன்படுத்தலாம். முதன்முதலாக ஒன்றைக் கற்க அது நல்ல இடமல்ல. ஆண்டு 1, 2 மாணவர்களுக்கு ஒரு வாரத்தைத் தாண்டாத சிறு இணைப்பு போதும்.

மலாய், ஆங்கில ஆசிரியர்களுக்குத் தமிழ் தெரியாதே?

திட்டத்தாளை ஒரே பக்கமாக மலாயில் எழுதுங்கள்: கேள்வி, வாரவாரியாக என்ன நடக்கிறது, அவர்களிடமிருந்து எதிர்பார்ப்பது என்ன. ‘உங்கள் பாடத்திலும் தண்ணீரைப் பற்றி ஏதாவது செய்யுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘நான்காம் வாரம் மாணவர்கள் இதே அறிவிப்பை மலாயில் எழுத ஒரு பாடவேளை கிடைக்குமா?’ என்று கேளுங்கள். தமிழ் தெரியாத அண்டை வீட்டாருக்கும் அந்தத் தாள் போக வேண்டுமே.

சொற்பட்டியல் ஒன்றை வகுப்பறைச் சுவரில் மூன்று பத்தியாக ஒட்டுங்கள்: தமிழ், மலாய், ஆங்கிலம். பதினைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் இதே கருத்துகளை வேறு மொழியில் சந்திக்கும்போது இந்தப் பட்டியல் கைகொடுக்கும்.

எங்கள் பள்ளியில் டி.எல்.பி. என்னும் இருமொழித் திட்டம் நடக்கிறது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். என்ன செய்வது?

அப்படியானால் இந்த இணைப்பு உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஆய்வுப் பதிவு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதை விளக்கும் பேச்சும் அறிவிப்பும் தமிழில் நடக்கட்டும். ஆவியாதல், கொள்ளளவு, மாறி போன்ற சொற்களைத் தமிழாசிரியர் முன்கூட்டியே ஒரு பாடவேளையில் அறிமுகப்படுத்தாவிட்டால் மாணவர் ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதுவார்கள்.

அடைவுநிலையை எப்படி வழங்குவது? ஒரு படைப்புக்கு ஒரே மதிப்பெண்ணா?

ஒரே மதிப்பெண் கொடுக்கவே கூடாது. படைப்பு ஒன்று, சான்றுகள் தனித்தனி. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடமும் தன் தரத்தை வைத்துத் தன் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையைத் தானே தீர்மானிக்க வேண்டும். கணித ஆசிரியர் கணக்குத்தாளைப் பார்க்கிறார், அறிவியல் ஆசிரியர் ஆய்வுப் பதிவைப் பார்க்கிறார், தமிழாசிரியர் அறிவிப்பைப் பார்க்கிறார்.

அடிக்கடி நடக்கும் அநீதி ஒன்று உண்டு. எழுத்தில் தடுமாறும் பிள்ளை நன்றாக ஆய்வு செய்திருந்தாலும், அறிக்கை நன்றாக இல்லை என்பதால் அறிவியலிலும் தாழ்ந்த நிலை பெற்றுவிடுகிறது. அத்தகைய மாணவரிடம் இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேளுங்கள்: ‘எதை மாற்றினாய்? எதை மாற்றாமல் வைத்தாய்? ஏன்?’ விடையைக் குறித்துக்கொண்டால் அதுவும் சான்றுதான். இதற்கு நேர்மாறாக, குழுவில் ஒருவர் உழைத்து நால்வர் நல்ல நிலை பெறுவதும் நடக்கும். நான்காம் வாரத் தனிப்பணி அதைத் தடுக்கத்தான்.

நாள் பாடத்திட்டத்தில் எப்படி எழுதுவது?

ஒவ்வொரு பாடத்துக்கும் வழக்கம்போலத் தனித்தனியாக. உள்ளடக்கத் தரமும் கற்றல் தரமும் அந்தந்தப் பாடத்துடையவை. எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானவற்றை எழுதும் ‘விரவிவரும் கூறுகள்’ பகுதியில் இணைப்பைக் குறிப்பிட்டு, ‘கணிதத்தில் இரண்டாம் வாரம் செய்த கணக்குத்தாள் பயன்படும்’ என ஒரு வரி சேர்த்தால் போதும். பாடத்தைப் பார்வையிட வருபவருக்கும் பதில் ஆசிரியருக்கும் அந்த ஒரு வரி உதவும்.

எங்கள் பள்ளியில் மாணவர்கள் மிகக் குறைவு. இரண்டு ஆண்டுகள் ஒரே வகுப்பில் அமர்கின்றன.

சிறிய பள்ளிக்கு இதில் ஒரு நன்மை: ஒரே ஆசிரியர் பல பாடங்களை எடுப்பதால் கூட்டம் போடத் தேவையில்லை. கேள்வி பொதுவாக இருக்கட்டும், தரங்கள் வேறாக இருக்கட்டும். நீர்ச்சேமிப்பில் ஆண்டு 5 அளந்து கூட்டட்டும். ஆண்டு 6 குளியல் நீரில் பாதியை மட்டும் பிடிக்க முடிந்தால் என்ன ஆகும் என்று விழுக்காட்டில் கணக்கிடட்டும். ஆபத்து என்னவென்றால் ஆண்டு 5 மாணவர்கள் அடுத்த ஆண்டும் அதே வகுப்பில் இருப்பார்கள். ஆகவே இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு மற்றொன்று என இரண்டு கேள்விகளை வைத்துச் சுழற்றுங்கள்.

தைப்பூசத்தை வைத்துச் செய்யலாமா? மழையை வைத்து?

தைப்பூசம் நல்ல களம். ஆனால் ‘தைப்பூசம்’ என்று பொதுவாக எடுத்தால் வழிபாட்டு விளக்கத்திலேயே நாட்கள் போய்விடும், வேறு சமயப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள். முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலைக்குப் போகும் சாலையின் தண்ணீர்ப் பந்தல்களை எடுங்கள்: ஒரு பந்தலுக்கு எத்தனை லிட்டர் பானம், எத்தனைக் குவளை, எவ்வளவு குப்பை, அதைக் குறைக்க வழி என்ன? எல்லாரும் விடை தேடலாம்.

மழைமானி வைப்பதானால் மாதத்தைப் பாருங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல மழை. ஜனவரி, பிப்ரவரியில் பல நாள் பூச்சியமே பதிவாகும். 1.5 லிட்டர் நேர்ச்சுவர்ப் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, மேடுபள்ளமான அடிப்பகுதி மறையும்வரை சிறுகல்லும் நீரும் இட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். மரத்தடியில் வைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் படித்து, பூச்சிய மட்டத்துக்கு மீண்டும் கொண்டுவர மறக்காதீர்கள்.

பெற்றோர் கேள்வி: இப்படிப் படித்தால் என் பிள்ளை கணக்கில் பின்தங்கிவிடாதா?

நான்கு வாரத்தில் கணிதத்துக்கு நான்கு மணி நேரம்தான் இதற்குப் போகிறது. அந்த நேரத்திலும் பிள்ளை கொள்ளளவுக் கணக்கைத்தான் செய்கிறது, அதுவும் தானே அளந்த எண்களை வைத்து. ஆண்டு 6 இறுதியில் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு ஒரே தேர்வுக்காக ஓட வேண்டிய நெருக்கடியும் இல்லை. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, பிள்ளை வாளியோடு வரும்போது ஐந்து நிமிடம் பொறுத்திருப்பது. அளவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

நான்கு வாரத்தில் முடியாமல் போனால் எதை விடுவது?

அறிவிப்பின் அழகூட்டலை விடுங்கள். அச்சிடுதலையும் வண்ணத்தையும் விடுங்கள். குழுப் படைப்பை வகுப்பின் முன் படைப்பதையும் விடலாம், அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அளத்தலையும் தனிப்பணியையும் விடாதீர்கள். முன்னது இல்லாவிட்டால் எண்கள் பொய், பின்னது இல்லாவிட்டால் யாருக்கு என்ன புரிந்தது என்பது தெரியாது. ஆய்வு நீர் சிந்திக் கெட்டுப்போனால், அடுத்த புதன்கிழமை மீண்டும் வைத்து, தமிழ்ப் பாடத்தை அதற்கு முன் நகர்த்துங்கள். அறிவிப்பில் காரணத்துக்கான வரி மட்டும் ஒரு வாரம் காலியாக இருக்கட்டும்.